பூனைக்கு இனிப்பு தெரியாது

ஜனக்புரியின் ஒரு வரவேற்பறையில் பல கோடைகளாக ஓடிய குளிர்பான விளம்பரங்களும், அவற்றுக்கு மசியாத ஒரே ஜீவனும்

அந்தப் பூனைக்கு வீட்டில் பிடித்த இடம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்புறம். முதுகு பெருத்த பழைய பெட்டி. போட்ட பத்து நிமிஷத்தில் மேலே இதமாகச் சூடேறும். தில்லியின் ஜனவரிக் குளிரில் அதைவிட நல்ல மெத்தை கிடையாது. குளிர்காலத்தில் வந்த பழக்கம் கோடையிலும் விடவில்லை. பூ வேலை செய்த உறையின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டு வாலை மட்டும் திரைக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கும். 1993-ல் ஆமிர் கான் ஒரு பெப்சிக்காக ஜன்னல் வழியே குதித்து மழையில் ஓடியபோது, ஜனக்புரியின் இந்த வரவேற்பறையில் அவர் ஒரு பூனை வாலுக்குப் பின்னால்தான் ஓடினார்.

“அம்மா, வாலை எடும்மா!” என்று கத்துவான் பதினொரு வயது மகன். ஆசிரியையான அம்மா விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வாலைத் தூக்கி மேலே விடுவார். விளம்பரம் முடிவதற்குள் அது மறுபடி கீழே வந்துவிடும்.

மாயவரத்துக்காரர் அவர். 1979-ல் கல்யாணமாகி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த கணவரோடு தில்லிக்கு வந்தார். முதலில் கரோல் பாகில் ஒற்றை அறைக் குடித்தனம். பிறகு ஜனக்புரியில் டி.டி.ஏ. கட்டிய அடுக்கு வீடுகளில் ஒன்று, இரண்டாவது மாடி. பக்கத்திலேயே திகார் சிறை என்று ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பயமுறுத்தினார்கள். மகனைச் சேர்க்கத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஜனக்புரியிலேயே இருந்தது. அது போதும் என்று தோன்றியது. அவருக்கும் மேற்கு தில்லியில் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை விஞ்ஞானம்.

மாயவரத்தில் கோலி சோடாவும் நன்னாரி சர்பத்தும் குடித்து வளர்ந்தவருக்குத் தில்லி கற்றுக்கொடுத்த முதல் மரியாதை, வீட்டுக்கு வந்தவரிடம் “தண்டா யா கரம்?” என்று கேட்பது. குளிர்ச்சியாகவா, சூடாகவா? சூடு என்றால் டீ. குளிர்ச்சி என்றால், அந்த நாளில், கேம்ப்பா கோலா. கோக்கா-கோலா 1977-ல் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னது ஜனதா அரசு; கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டது. காலியான இடத்துக்கு அரசே ‘77’ என்ற பெயரில் ஒரு பானத்தைக் கொண்டுவந்தது. பெயரில் அரசியல் இருந்த அளவுக்கு அதில் ருசி இல்லை போலும், நிலைக்கவில்லை. நிலைத்தவை பார்லேயின் தம்ஸ் அப்பும், அதுவரை கோக்கா-கோலாவுக்கு பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த தில்லியின் ப்யூர் டிரிங்க்ஸ் கொண்டுவந்த கேம்ப்பா கோலாவும்.

தூர்தர்ஷனில் 1976 ஜனவரி முதல் தேதியிலிருந்தே விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடு வண்ணமும் வந்தது. ஆனால், நடுத்தர வர்க்க வீடுகளில் விளம்பரம் என்பதே ஒரு நிகழ்ச்சியாக மாறியது, தொடர்கள் வந்த பிறகுதான். ‘ஹம் லோக்’, ‘புனியாத்’, ‘ராமாயண்’. இவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த விளம்பரங்களை எழுந்து போகாமல் பார்த்தார்கள். ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படங்களில் எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் முறை வைத்து வரும்; அன்றைக்கு இந்த வீட்டில் பாயெல்லாம் விரித்திருக்கும். அடுத்த பிளாக்கிலிருந்துகூடத் தமிழ்க் குடும்பங்கள் வந்துவிடும்.

கேம்ப்பா கோலா விளம்பரத்தில் படகிலும் கடலிலுமாக ஓர் இளைஞர் கூட்டம் துள்ளும். அதில் ஒருவர் சல்மான் கான். அப்போது அவரை யாருக்கும் தெரியாது, 1989-க்குப் பிறகுதான் பழைய விளம்பரத்தை நினைவுபடுத்தி, “அட, இவனா!” என்றார்கள். அன்றைய விளம்பரங்களில் முகம் முக்கியமில்லை. கடல், வெயில், பல் வரிசை, ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

சிறுவர்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. கோல்ட் ஸ்பாட் பாட்டில் மூடியின் உட்புறத்தில் ‘ஜங்கிள் புக்’ பாத்திரங்களின் படங்கள் வந்தபோது, மார்க்கெட் கடை வாசலில் மண்ணைக் கிளறி மூடி பொறுக்காத பையன் ஜனக்புரியில் இல்லை. இந்த வீட்டு மகன் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தான். கருஞ்சிறுத்தை பகீரா படம் மட்டும் அகப்படவில்லை. அந்த ஏக்கத்தில்தான், மாடிப்படியில் கிடந்து கத்திய ஒரு குட்டிப் பூனையைத் தூக்கி வந்து பகீரா என்று பெயர் வைத்தான். அது கறுப்பே இல்லை, சாம்பல் வரி. குளிர்பான மூடியிலிருந்து பெயர் பெற்ற பூனை தில்லியில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெயர் அப்படியிருந்தும் பானம் அதற்கு ஆகவில்லை. ஒரு நாள் மகன் தட்டில் கொஞ்சம் ஊற்றிவைத்தான். பகீரா வந்தது, மூக்கை நீட்டியது, திரும்பி நடந்தது. பால் தட்டுக்கு வீட்டையே இரண்டாக்குகிற பூனை. “அதுக்கு இருக்கற புத்தி நமக்கு இல்லையே” என்றார் கணவர், தன் டம்ளரை நிரப்பிக்கொண்டே.

1990-ல் ‘லெஹர் பெப்சி’ வந்தது. வெளிநாட்டுப் பெயர் தனியே வரக் கூடாது என்று அரசு சொன்னதால் முன்னால் ஓர் இந்திப் பெயர். ரெமோ ஃபெர்னாண்டஸ் பாட, ஜூஹி சாவ்லா ஆடினார். கடலும் வெயிலும் போய், முகத்தின் காலம் தொடங்கியது. அதன் உச்சம்தான் பூனை வாலுக்குப் பின்னால் ஓடிய அந்த 1993 விளம்பரம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஒரு பெப்சி கேட்கிறாள். வீட்டில் இல்லை. ஆமிர் கான் ஜன்னல் வழியே குதித்து, நனைந்து, ஒரு பாட்டிலோடு திரும்புகிறார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி மணி. வாசலில் இன்னொருத்தி: ஈரம் சொட்டும் கூந்தல், இன்னொரு பெப்சி கிடைக்குமா என்ற கேள்வி. முதல் பெண் மஹிமா சௌத்ரி. சில விநாடிகளே வந்த இரண்டாவது பெண் ஐஸ்வர்யா ராய்; அடுத்த ஆண்டு உலக அழகி. பிரஹலாத் கக்கர் எடுத்த இந்தப் படம், அமெரிக்காவில் 1980-களில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடித்த டயட் பெப்சி விளம்பரத்தின் மறுபிறவி. ஜனக்புரிக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், அழகான யாராவது கதவைத் தட்டினால் ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் இருக்க வேண்டும் என்பதுதான்.

“அந்த விளம்பரத்துக்கு அப்புறம்தான் எங்க வீட்டு ஃபிரிட்ஜுல எப்பவும் ஒண்ணு இருக்க ஆரம்பிச்சுது. யாரும் வந்து தட்டலை, அது வேற விஷயம்” என்று சிரிக்கிறார் அவர்.

அதே 1993 அக்டோபரில் கோக்கா-கோலா ஆக்ராவிலிருந்து இந்தியாவுக்குள் திரும்ப நுழைந்தது. பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. பிறகு நடந்தது பாட்டில் சண்டை இல்லை, முகச் சண்டை. 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் அதிகாரபூர்வ பானம் கோக்கா-கோலா. பெப்சியோ டெண்டுல்கரையும் அசாருதீனையும் வைத்துக்கொண்டு, ‘நத்திங் அஃபிஷியல் அபௌட் இட்’ என்று கண்ணடித்தது. பதினான்கு வயது மகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வீட்டுப் பாடம் முடித்தாயா என்று கேட்டால் அதே வாசகம்தான் பதில்.

வாசகங்கள் பாட்டிலை விட்டு இறங்கி நடந்த காலம் அது. 1998-ல் பெப்சி ‘யே தில் மாங்கே மோர்’ என்றது: இந்த மனம் இன்னும் கேட்கிறது. அடுத்த ஆண்டு கார்கிலில் 5140 என்ற சிகரத்தைப் பிடித்த கேப்டன் விக்ரம் பத்ரா, வெற்றிச் செய்தியாகக் கீழே அனுப்பியது அதே நான்கு சொற்களைத்தான். தொலைக்காட்சியிலும் சொன்னார். ஜூலை 7-ம் தேதி இன்னொரு சிகரத்துக்கான சண்டையில் இறந்தார். பரம் வீர் சக்ரா பெற்றார். அதற்குப் பிறகு அந்த வாசகத்தைக் கேட்டால் இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. விற்பதற்கு எழுதிய வரிக்கு ஒரு மனிதன் தன் உயிரால் வேறு பொருள் கொடுத்துவிட்டுப் போனான்.

பிறகு ஒரு கோடையில், பெப்சிக்காக ஜன்னல் வழியே குதித்த அதே ஆமிர் கான், ‘தண்டா மத்லப் கோக்கா-கோலா’ என்று ஊர் ஊராக வேஷம் மாற்றிக்கொண்டு வந்தார். குளிர்ச்சி என்றாலே கோக்கா-கோலா. தில்லிக்காரர்கள் விருந்தாளியிடம் கேட்கும் மரியாதைச் சொல்லையே ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. “பத்து வருஷம் முன்னாடி மழையில் ஓடினது எதுக்கு?” என்று கணவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மேலே வால் இல்லை. பகீரா முந்தைய குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது.

2003 ஆகஸ்ட் 5. தில்லியில் இயங்கும் விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் விற்கப்பட்ட 12 குளிர்பானங்களில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளின் எச்சம் இருப்பதாக அது சொன்னது. பரம எதிரிகளான இரண்டு கம்பெனிகளும் ஒன்றாக நின்று மறுத்தன. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் அது அந்த மையத்தின் கண்டுபிடிப்பு சரியே என்றது.

அந்த ஆகஸ்ட் வாரத்தில் ஆறாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம். செய்தித்தாளை விரித்துக் காட்டி அவர் விளக்கினார். நிலத்தடி நீர், அதில் கலக்கும் மருந்து, அது உடம்பில் தங்கும் விதம். நன்றாகவே விளக்கினார், இருபது வருஷ அனுபவம். “அதனால இதையெல்லாம் குடிக்கக் கூடாது” என்று முடித்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். ஜனக்புரியில் இவர்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டுக் குழந்தை. பள்ளியில் ‘மேம்’, வீட்டில் ‘ஆன்ட்டி’ என்று கவனமாகப் பிரித்துக் கூப்பிடுகிறவள். அன்று நாக்கு தடுமாறிவிட்டது.

“ஆன்ட்டி, சண்டே உங்க வீட்டுல எனக்கு ஒரு கிளாஸ் குடுத்தீங்களே?”

வகுப்பு சிரித்தது, ‘ஆன்ட்டி’ என்ற சொல்லுக்காக. சிறுமி சிரிக்கவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. இரண்டில் எது சரி என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். “அது... அது வேற” என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கொட்டினாரா? இல்லை. ஃபிரிட்ஜில் கீரைக் கட்டுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார். கணவர் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் மிக்சரோடு அது வேண்டும். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிற்று. கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

2006-ல் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. எதனால் என்று மருத்துவர் யார் மேலும் பழி போடவில்லை. அவர்கள் குடும்பத்தில் அது மூன்று தலைமுறைச் சொத்து. ஆனால், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதும்போதுதான் ஆசிரியைக்குக் கணக்கு புரிந்தது. 330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை. ஏழெட்டு டீ ஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. காப்பிக்கு அரை ஸ்பூன் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்த வீடு அது. பூச்சிமருந்துச் செய்தியால் கீரைக் கட்டுக்குப் பின்னால் மட்டும் போன பாட்டில், மருத்துவரின் சீட்டால் வெளியே போனது.

அதே சமயத்தில்தான் இன்னொரு செய்தியும் அவர் கண்ணில் பட்டது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் 2005-ல் கண்டுபிடித்தது: பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணர இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனை இனத்தில் அதில் ஒன்று பழுது. வீட்டுப் பூனை முதல் புலி வரை இதே கதை. பகீராவிடம் இருந்தது புத்தி இல்லை. ஒரு மரபணுக் குறை. ஆமிர் கான் வந்தாலென்ன, ஐஸ்வர்யா வந்தாலென்ன, அதன் நாக்குக்கு அது வெறும் கறுப்புத் தண்ணீர். மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

2014. ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு காலை, அமிதாப் பச்சன் அகமதாபாத் ஐ.ஐ.எம். மாணவர்களிடம் பேசியது செய்தியாக வந்தது. சில ஆண்டுகள் பெப்சியின் முகமாக இருந்தவர் அவர். ஜெய்ப்பூரில் ஒரு சிறுமி தன்னிடம் வந்து, எங்கள் டீச்சர் விஷம் என்று சொல்லும் ஒன்றை நீங்கள் ஏன் விளம்பரம் செய்கிறீர்கள் என்று கேட்டதாகவும், அதற்குப் பிறகு அதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். நாடு முழுக்க அமிதாப்பைப் பற்றிப் பேசியது. பூனைக்கு மணி கட்டியது ஒரு குழந்தை என்றார்கள். ஜனக்புரியில் ஆசிரியை நினைத்துக்கொண்டது அமிதாப்பையும் இல்லை, அந்தச் சிறுமியையும் இல்லை. பெயர் தெரியாத அந்த டீச்சரை. அந்த டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒன்றும் இருந்திருக்காது என்று நினைக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கேள்வி கேட்க யாரும் வராமலே விலகியவர்களும் உண்டு. 2001-ல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், தான் குடிக்காததை விற்க மாட்டேன் என்று ஒரு குளிர்பான வாய்ப்பை மறுத்தார். 2017-ல் விராட் கோலி கிட்டத்தட்ட அதையே சொல்லிப் பெப்சியிலிருந்து விலகினார். தமிழ்நாட்டில் கேள்வி வேறு விதமாக வந்தது. 2014 தீபாவளிக்கு வந்த ‘கத்தி’யில், கிராமத்துத் தண்ணீரை உறிஞ்சும் குளிர்பானக் கம்பெனியை எதிர்த்து விஜய் வசனம் பேசினார், அவரே முன்பு கோக்கா-கோலா விளம்பரத்தில் வந்தவராயிற்றே என்று ரசிகரல்லாதவர்கள் கேட்டார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு தணியாத 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து பெப்சியும் கோக்கும் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. காளிமார்க்கின் பொவொன்டோவைத் தேடி மக்கள் போனார்கள். அதிலும் சர்க்கரைதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஜெய்ப்பூர்ச் சிறுமி கேட்டதை இப்போது சட்டமும் கேட்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விசாரித்துப் பார்த்த பிறகே நடித்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். 2022-ன் விதிமுறைகள், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் குளிர்பான விளம்பரமே கூடாது என்கின்றன. ஆனால், குழந்தை கண்ணெதிரே பார்க்கும் பிரபலம் வேறு: அம்மா, அப்பா, கீழ் வீட்டு ஆன்ட்டி. அவர்கள் ஃபிரிட்ஜைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு விளம்பரம்தான். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

கேம்ப்பா கோலா 2023-ல் திரும்ப வந்தது. ரிலையன்ஸ் அந்தப் பெயரை வாங்கிப் புதுக் கோலத்தில் கடைக்கு அனுப்பியது. கணவர் மார்க்கெட்டில் அதைப் பார்த்து நின்றுவிட்டார். பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி. வாங்கவில்லை. குர்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஏழு வயதுப் பேரன்தான் கையைப் பிடித்து இழுத்தான். வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் பஞ்சாயத்து. பாட்டி நீர்மோர் டம்ளரை அவன் முன் வைத்தார். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை.

“தாத்தா சொன்னார், நீங்க எல்லாரும் அதைக் குடிச்சீங்களாம். நீ குடிச்சியா பாட்டி?”

கரும்பலகை எதுவும் இல்லை, திரும்பிக்கொள்ள.

“குடிச்சேன்டா கண்ணா. உங்க அப்பாவுக்கும் குடுத்தேன். கீழ் வீட்டுல ஒரு குழந்தை இருந்தா, அவளுக்கும் குடுத்தேன். குடுத்துட்டு, பள்ளிக்கூடத்துல குடிக்காதேன்னும் சொன்னேன். அது தப்பு.”

பேரன் கொஞ்சம் யோசித்தான். “நன்னா இருந்துதா?”

“ரொம்ப நன்னா இருந்துது. அதான் கஷ்டம்.”

மோரில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். டப்பாவிலிருந்த பழைய மூடிகளையும், அப்பாவின் பூனைக் கதையையும் அவன் அறிவான். “அப்போ பகீரா மட்டும் ஏன் குடிக்கலை?”

இந்தக் கேள்விக்கு மட்டும் ஆசிரியைக்குப் பதில் உடனே வந்தது.

“அதுக்கு இனிப்பு தெரியாதுடா. நமக்குத் தெரியும்.”